பினாங்கில் ஜாகை எங்கே?

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் பறக்கத் தொடங்கியதும், அதற்கு ஓராண்டு முன்பே, 2023 டிசம்பர் முதற்கொண்டு, இந்தியப் பிரஜைகள் விசா வாங்காமலே முப்பது நாள் வரை தங்கிப் போகலாம் என்று மலேசிய அரசாங்கம் வாசலைத் திறந்துவிட்டதும் சேர்ந்து, ஒரு காலத்தில் நம்மவர் கப்பலேறிப் பிழைக்கப் போன ஊரை, குடும்ப சமேதராக உல்லாசப் பிரயாணம் போய்வரும் ஊராக ஆக்கியிருக்கின்றன. விமானச் சீட்டில் நூறு ரூபாய் குறையுமா என்று நாலு நாள் காத்திருந்து பார்க்கும் குடும்பஸ்தர்கள், போகிற ஊரில் எந்தப் பேட்டையில் ஜாகை பிடிப்பது என்பதற்கு மட்டும் நாலு நிமிஷம் செலவிடுவதில்லை. பினாங்கு ஒரு தீவு, தீவென்றால் கடல், கடலென்றால் கடற்கரை, ஆகவே கடற்கரை ஓரமாக ஓர் அறை. இந்தத் தர்க்கத்தின்படி பிரயாண ஏஜெண்டும் பத்து பெரிங்கியில் ஓர் ஓட்டலின் படத்தைக் காட்டுகிறார், முன்பணம் கட்டியாகிறது. வேறு பல கடலோர ஊர்களுக்கு இந்தத் தர்க்கம் பொருந்தக்கூடும். பினாங்குக்குப் பொருந்தாது என்பது என் அபிப்பிராயம்.

காரணம் அந்தப் பட்டணம் உண்டான விதத்திலேயே இருக்கிறது. 1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பாக பிரான்ஸிஸ் லைட் அங்கே கொடியேற்றியபோது, தீவின் வடகிழக்கு மூலையில், எதிரிலுள்ள தீபகற்பக் கரையை நோக்கி நீண்டிருந்த முனையைத் தேர்ந்தெடுத்தார். தீவே மதிலாக நின்று தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுக்க, கப்பல்கள் நிம்மதியாக நங்கூரம் பாய்ச்சி நிற்கக்கூடிய ஜலசந்தி அது. கப்பலுக்கு உகந்த அமைதியான நீர், குளிப்பவனுக்கு உகந்த வெண்மணலைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. சேற்றைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். ஆர்மீனிய வம்சத்தவரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1885-இல் தொடங்கி, இன்றும் தென்கிழக்காசியாவின் பிரசித்தி பெற்ற ஓட்டல்களுள் ஒன்றாக விளங்கும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் கூட, பர்குவார் வீதியில் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதே தவிர, அதற்குக் கடற்கரை கிடையாது. கருங்கல் கரைச்சுவர்தான் உண்டு. சற்று வடமேற்கே, 1951-இல் கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியின் பெயரைத் தாங்கிய கடலோரச் சாலையில், வானளாவிய மாடிகளில் ‘கடற்காட்சி’ என்று கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு அறை கொடுக்கிறார்கள். நீர் வற்றும் வேளையில் அந்தக் காட்சி பெரும்பாலும் சேற்றுப் பரப்பாகவே இருந்தது. இப்போது கடலைத் தூர்த்துப் பூங்கா அமைத்துவிட்டபடியால், கடல் இன்னும் தள்ளிப் போய்விட்டது.

பத்து பெரிங்கியில் மணல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மரநிழல், பாய்மரப் படகு, மாலைச் சந்தை எல்லாம் உண்டு. சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் எங்கும் அசையாமல் இருக்க விரும்புவோருக்கு அது போதும். ஆனால் பட்டணத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவு விலகி, மலைக்கும் கடலுக்கும் இடையே வளைந்து வளைந்து போகும் ஒரே சாலையின் கோடியில் அது இருக்கிறது. 101-ஆம் எண் பஸ் அங்கே போகிறது என்பது மெய். சனி, ஞாயிறுகளில் அந்தப் பஸ் தஞ்சோங் பூங்காவைத் தாண்டுவதற்குள் பிரயாணிக்கு நகரத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும் என்பதும் மெய். போதாததற்குக் கடலில் ஜெல்லி மீன்களின் தொல்லை வேறு. காலையில் ஊர் பார்க்கப் புறப்பட்டு, வெயிலில் அலைந்து, குளித்து உடை மாற்றிக்கொள்ள மத்தியானம் அறைக்குத் திரும்ப முடியாதவன், ஊரைப் பார்த்தவன் ஆகமாட்டான்; ஊரின் வழியாகப் போனவனே ஆவான். உஷ்ணப் பிரதேசத்து நகரங்களில் ஜாகை என்பது இரவுக்கு மட்டுமல்ல, மத்தியானத்துக்கும் வேண்டியது என்ற எளிய உண்மையைக் குளிர்நாட்டார் எழுதிய வழிகாட்டி நூல்கள் சொல்வதில்லை. நாமாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் பாட்டன்மார்களுக்கு இந்தச் சங்கடமெல்லாம் இருந்ததில்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு வங்கக் கடலைக் கடந்த ‘ரஜுலா’ கப்பல், 1926 முதல் 1973 வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் முதலில் போய் நின்ற பெரிய துறை பினாங்குதான். அதிலிருந்து இறங்கியவன் எங்கே தங்குவது என்று யோசிக்கவில்லை. அவனுடைய ஊரும் ஜாதியும் மதமும் முதலாளியும் அதை முன்கூட்டியே நிச்சயித்து வைத்திருந்தன. லேவாதேவிக் கடைக்கு அடுத்தாளாக வந்த நகரத்தார் வீட்டுப் பையன் நேரே, கடையும் இருப்பிடமுமான பினாங்கு வீதிக் கிட்டங்கிக்குப் போய்ப் பெட்டகத்தின் அருகே பாய் விரித்தான். நாகூர், காரைக்கால் பக்கத்து மரைக்காயர் சூலியா வீதிக்குப் போனார்; 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் ஆண்டவர் பெயரில் அமைந்த தர்காவும் அவருக்கு அங்கே ஊர் முகத்தைக் காட்டின. தோட்டக் கூலியாகக் கையெழுத்திட்டு வந்தவனுக்கோ, முதல் ஜாகை ஜெரேஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம். அங்கே நாட்களைக் கழித்துவிட்டுப் பிறகு ரயிலேறி ரப்பர்க் காட்டுக்குப் போனவர்களில் பலர் பினாங்குப் பட்டணத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. அந்தக் கிட்டங்கி வாழ்க்கை எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலைப் படித்துவிட்டுப் போவது, எந்த வழிகாட்டிப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போவதைக் காட்டிலும் நல்லது.

ஆகவே முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்லக்கூடியது பழைய பட்டணத்தையே. பினாங்கு வீதி, ராணி வீதி, ராஜா வீதி என்று ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் மூன்றும், அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கடைத்தெருவும் சேர்ந்த பகுதியை இன்று ‘குட்டி இந்தியா’ என்று பெயர்ப்பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோவில் ராணி வீதியில் இருக்கிறது. அதன் பின்புறம் ஒட்டினாற்போல் பழைய பிட் வீதி. அந்த ஒரு வீதியிலேயே, 1818-ஆம் வருஷத்து ஆங்கிலேயர் தேவாலயமும், சீனர்களுடைய கருணைத் தேவியின் ஆலயமும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இங்கே அறை எடுத்தவன் கடிகாரம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. விடியற்காலைத் தொழுகை அழைப்பு முதலில். அதன் பிறகு அம்மன் கோவில் மணி. அதற்கும் பிறகு, ஊதுவத்திக் கட்டை முழுசாகக் கொளுத்திக் கொண்டுவரும் சீன மூதாட்டிகளால் வீதி முழுவதும் புகை. ஏழு மணிக்கு, கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் பூக்கடைக்காரர் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு மல்லிகையைக் கொட்டுகிறார். அடுத்த கடையில் தே தாரேக் ஆற்றுகிற பையன், ‘பசியாறியாச்சா?’ என்று கேட்டுக்கொண்டே நமக்கு வேண்டியதைக் கேளாமலே கொண்டுவந்து வைக்கிறான். இவற்றுக்காக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. அந்த வேளையில் அந்த இடத்தில் இருந்தால் போதும். பத்து பெரிங்கியிலிருந்து அந்த வேளைக்கு வந்து சேர யாராலும் முடியாது.

அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பழைய கடைவீடுகள் முகப்பில் குறுகலாகவும், உட்புறம் ரயில் பெட்டியைப் போல் நீளமாகவும் கட்டப்பட்டவை. நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று வெளிச்சத்துக்கும் மழைநீருக்குமாக விடப்பட்டிருக்கும். ஓட்டலாக மாற்றுகிறவர்கள் அந்த நீளத்தைப் பலகையால் துண்டு துண்டாக்கி விடுவதால், வீதியைப் பார்த்த முன் அறைக்கும் முற்றத்தைப் பார்த்த நடு அறைக்கும் தவிர, மற்றவற்றுக்குப் பல சமயம் ஜன்னலே இருப்பதில்லை. முன் அறையில் காற்று உண்டு, சத்தமும் உண்டு. ஜன்னலில்லா அறையில் இரண்டும் இல்லை. மரப்படிகள் செங்குத்தானவை; முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் கீழ்த்தள அறை உண்டா என்று கேட்டுக்கொள்வது உத்தமம். சூலியா வீதியின் மேற்குப் பகுதியும் லவ் லேன் என்ற சந்தும் முதுகில் மூட்டை தூக்கித் திரியும் வாலிபர்களுக்குரியவை. அங்கே இரவு இரண்டு மணிக்குத்தான் இரவு ஆரம்பமாகும். வெளிநாட்டார் அறைக்கு இரவொன்றுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி தனியாகக் கட்ட வேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்க.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, அதே பழைய பட்டணத்தைப் பற்றி மனத்தில் உறுத்தும் ஒன்றையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. உலக யுத்தத்துக்குப் பின் வந்து, 1966-ஆம் வருஷத்துச் சட்டத்தால் உறுதிப்பட்ட வாடகைக் கட்டுப்பாடு, யுத்தத்துக்கு முன் கட்டிய அந்த வீடுகளின் வாடகையைப் பழைய அற்பத் தொகையிலேயே நிறுத்தி வைத்திருந்தது. வீட்டுக்காரர்களுக்கு ஓடு மாற்றவும் மனம் வரவில்லை. இடித்துக் கட்டவும் வழியில்லை. ஆகவே கட்டிடங்கள் சிதிலமாகியும் பிழைத்தன. அவற்றினுள்ளே நகை செய்யும் பத்தரும், பெயர்ப்பலகை செதுக்கும் சீனரும், மாவரைக்கும் கடைக்காரரும் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் குடியிருந்தார்கள். 1997-இல் அந்தச் சட்டம் ரத்தாகி, 2000 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாடகை அவிழ்த்துவிடப்பட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஆயர் ஈத்தாமிலும் அக்கரையிலும் உள்ள அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். மனிதர் காலி செய்த மாடிகளில் சில காலம், கூட்டுக்காக வளர்க்கப்பட்ட உழவாரக் குருவிகள் குடியேறின. பிறகு அவற்றையும் கிளப்பிவிட்டு ஓட்டல்கள் வந்தன. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து இந்நகரின் 259 ஹெக்டேர் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும், 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் சுவர்களில் வரைந்த சித்திரங்களும் அந்த வேகத்தை அதிகப்படுத்தின. ஆர்மீனியன் வீதியில் சைக்கிள் மீதிருக்கும் இரு குழந்தைகளின் சித்திரத்தோடு படம் பிடித்துக்கொள்ள இன்றும் வரிசை நிற்கிறது. அந்த வரிசை நிற்கும் வீதியில் நிஜமாகச் சைக்கிள் விடும் குழந்தைகளைக் காண்பது அரிதாகிவிட்டது. காப்பாற்ற வேண்டியவை என்று சுவர்களைப் பட்டியலிட்டவர்கள், அந்தச் சுவர்களுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அதே அக்கறையோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தால், இன்றைக்கு நாம் இந்த உறுத்தலோடு அறை எடுக்க வேண்டியிராது.

இதனால் பழைய பட்டணத்தில் தங்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயே, மாடியில் குடும்பமும் கீழே கடையுமாக இன்னும் ஜனங்கள் வாழ்கிற வீதி எது, முழுக்க முழுக்கப் பயணிகளுக்கென்று ஆகிவிட்ட வீதி எது என்று பார்த்து, முன்னதில் தங்குங்கள் என்பதுதான் என் விண்ணப்பம். அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. துணி உலர்கிற மாடி, பலசரக்குக் கடை, பள்ளிக்கூட உடுப்பில் பிள்ளைகள், காலையில் மீன் வண்டி — இவை உள்ள இடத்தில் ஊர் உயிரோடு இருக்கிறது. ராணி வீதியும் கடைத்தெருவும் இன்னும் அந்தக் கணக்கில் சேரும். புலாவ் டிக்குஸ் சேரும்; அங்குள்ள மார்க்கெட்டில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் யுரேஷியரும் கூடை தூக்கி வருவதைக் காணலாம்; 1803-இல் நிறுவப்பட்ட பர்மியர் கோவிலும், எதிரே சயனித்திருக்கும் புத்தரைக் கொண்ட சயாமியர் கோவிலும் அதன் அருகே இருக்கின்றன. பர்மா சாலை, மெக்கலிஸ்டர் சாலைப் பக்கம் ஆஸ்பத்திரிகள் நிறைந்தது. வைத்தியத்துக்காக சுமத்ராவின் மேடானிலிருந்து வருகிறவர்கள் அங்கே தங்குகிறார்கள். அந்தக் காரியமாகப் போகிறவருக்கு வேறு ஆலோசனை தேவையில்லை. விமான நிலையம் இருக்கிற பாயான் லெப்பாஸ், 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகிய பகுதி. கம்பெனி வேலையாகப் போகிறவர் தவிர வேறு யாரும் அங்கே தங்கவேண்டிய அவசியமில்லை.

இரண்டாம் தடவை போகிறவருக்கும், முதல் தடவையே ஒரு வாரத்துக்குக் குறையாமல் இருக்கப் போகிறவருக்கும் நான் சொல்வது தண்ணீர்மலை. படகுத்துறையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் மேற்கே, நகரம் முடிந்து மலை ஆரம்பமாகும் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்குள்ள அருவியின் நீரைக் கால்வாய் மூலம் பட்டணத்துக்கும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் கொண்டுபோனார்கள். நீருள்ள இடத்தில் தெய்வத்தை வைப்பது நம் வழக்கமல்லவா? அருவியின் பக்கத்தில் முருகனுக்கு ஒரு சந்நிதி எழுந்தது. நகரசபை அங்கே நீர்த்தேக்கப் பணிகளை விஸ்தரித்தபோது, தண்டபாணி எதிர்க்குன்றுக்கு இடம் பெயர நேர்ந்தது. குடிதண்ணீர்க் குழாய்க்காக இடம் விட்டுக்கொடுத்த சுவாமி என்று அவரை நினைக்கும்போது எனக்கு அவரிடம் பக்தி சற்று அதிகமாகவே உண்டாகிறது. இன்று 513 படிகள் ஏறிப் போய்க் காணும் குன்றின் மேலுள்ள பெரிய ஆலயம் 2012-இல் குடமுழுக்குக் கண்டது. கீழே சாலையோரம், 1850-களில் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோவில், செட்டிநாட்டு வீட்டின் அடக்கத்தோடு அகன்ற கூடமும் வழவழத்த தரையுமாக இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் படியேறுகிறவர்களில் நம்மவர் பாதி என்றால், தேக ஆரோக்கியத்துக்காக ஏறும் சீனர் பாதி. மேலே போனதும் அவர்களும் விபூதி வாங்கிக்கொண்டே இறங்குகிறார்கள்.

கோவிலைத் தாண்டிச் சிறிது தூரத்தில், 1884-இல் சார்லஸ் கர்டிஸ் என்ற தாவர சாஸ்திரி ஒரு பழைய கல்லுடைப்புப் பள்ளத்தைத் திருத்தி உண்டாக்கிய தாவரவியல் தோட்டம். நம்மூர்ச் சிவாலயங்களில் பக்தியோடு பார்க்கும் நாகலிங்க மரம், இங்கே ‘பீரங்கிக் குண்டு மரம்’ என்ற ஆங்கிலப் பெயரைச் சுமந்துகொண்டு, அடிமரத்திலேயே பூவும் காயுமாக நிற்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சாம்பல் நிறக் குரங்குகள் மேற்கிளையில் இலை தின்றுகொண்டு யாரையும் லட்சியம் செய்யாமலிருக்க, நீண்ட வாலுள்ள மற்றொரு ஜாதிக் குரங்கு கீழே நம் கைப்பையையே கவனித்துக்கொண்டிருக்கும். அதனிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. நடக்கத் தெம்புள்ளவர்கள் தோட்டத்தின் அருகிலுள்ள நிலாவாசல் வழியாகக் காட்டுப் பாதையில் பினாங்கு மலைக்கே ஏறிவிடலாம்; இல்லாதவர்கள் ஆயர் ஈத்தாமுக்குப் போய், 1923-ஆம் வருஷத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கம்பிவட ரயிலில் ஏறிக்கொள்ளலாம். மாலையில் மழை பெய்து ஓய்ந்தபின், பட்டணத்தின் புழுக்கத்துக்கும் இந்த அடிவாரத்தின் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே ஓர் இரவு தூங்கியவரே அறிவார்.

தண்ணீர்மலையின் குறைகளும் எனக்குத் தெரியும். ஓட்டல் என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. அடுக்குமாடியில் ஓர் அறையோ, வீட்டின் ஒரு பகுதியோதான் வாடகைக்குக் கிடைக்கும். பஸ் உண்டு, நினைத்த நேரத்தில் வராது. இரவு எட்டு மணிக்குமேல் சாப்பாட்டுக்குப் புலாவ் டிக்குஸுக்கு வண்டி பிடிக்க வேண்டும். மேலும், பழைய பட்டணத்துக்கு நேர்ந்த கதி இந்தக் குடியிருப்புகளுக்கும் நேராது என்று யார் சொல்ல முடியும்? குடும்பங்கள் வசிக்கும் மாடிகளில் நாள் வாடகைக்கு அறை விடுகிற வழக்கம் பரவி, அண்டை வீட்டார் தூக்கம் கெட்டு முறையிட்ட பிறகே, 2023-இல் பினாங்கு மாநில அரசு அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்தக் கட்டுப்பாட்டைச் சுற்றுலாவின் விரோதி என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அதை வரவேற்கிறேன். அனுமதி பெற்ற இடமா என்று விசாரித்துப் பணம் கட்டுவது நமக்கு ஐந்து நிமிஷ வேலை. அங்கே வசிக்கிறவருக்கு அது வருஷம் முழுவதற்குமான நிம்மதி.

ஒரே ஒரு சமயத்துக்கு மட்டும் இந்த ஆலோசனையைத் தலைகீழாக்க வேண்டும். தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில், 1894 முதல் ஓடிவரும் வெள்ளி ரதம் பினாங்கு வீதியிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. 2017 முதல், வேலைத் தாங்கிய தங்க ரதம் ஒன்று ராணி வீதி மாரியம்மன் கோவிலிலிருந்து தனியே புறப்படுகிறது. அர்ச்சனைத் தட்டுகளுக்காக நின்று நின்று, சீன வியாபாரிகள் குவியல் குவியலாக உடைக்கும் தேங்காய்ச் சில்லுகளுக்கிடையே ஊர்ந்து, ஆறேழு கிலோமீட்டரைக் கடக்க அவற்றுக்குப் பகல் முழுதும் போதாமல் இரவும் ஆகிவிடுகிறது. மலையடிவாரத்தில் அந்நாட்களில் வண்டி போகாது. சாலையின் இருபுறமும் வரிசையாகப் போட்ட தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கியில் மூன்று நாளும் தூக்கம் வராது. ஆகவே பூசத்துக்குப் போகிறவர் பல மாதங்களுக்கு முன்பே பினாங்கு வீதிப் பக்கம் வீதியைப் பார்த்த முன் அறையாகப் பிடித்து, ரதத்தோடு நடந்தே மலைக்குப் போய், நடந்தே திரும்பட்டும். பந்தலெல்லாம் பிரித்தாகிச் சாலையைக் கழுவிவிட்ட பிறகு அடிவாரத்தில் அறைகள் சுலபமாகக் காலியாகும். விடுமுறை மிச்சமிருந்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே மாறிக்கொள்ளலாம்.